பசுவய்யா என்றொரு கவிஞர்

ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறினால் எதிர்க்கரை கர்நாடகம். பென்னாகரம் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டு மொழி காதில் விழுவது புதிதல்ல. அதுபோலத் தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே வளர்ந்தவர்தான் எழுத்தாளர் சுந்தர ராமசாமி.

'ஒரு புளியமரத்தின் கதை', 'ஜே.ஜே: சில குறிப்புகள்' என்றதும் நாவலாசிரியராகத்தான் அவரை நினைக்கிறோம். ஆனால் அவர் கையைப் பழக்கியது மொழிபெயர்ப்பு. சின்ன வயதில் கோட்டயத்தில் வளர்ந்தவர். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழை எழுத்துக்கூட்டிப் படித்ததே ஏறக்குறைய 18 வயதில்! அடுத்த சில ஆண்டுகளிலேயே, மலையாள எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆலப்புழையில் மலம் அள்ளியவர்களின் மூன்று தலைமுறைக் கதை அது. அந்த வயதில் அந்தக் கதையைத் தேர்ந்தெடுத்த மனசைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். 'சரஸ்வதி' இதழில் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பு, புத்தகமானது 2000-இல்தான். தகழியின் 'செம்மீன்' நாவலையும் அவரே தமிழில் தந்தார்.

கவிதைக்கு மட்டும் வேறு பெயர் வைத்துக்கொண்டார்: பசுவய்யா. 1959-இல் சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழில் அவருடைய முதல் கவிதை வந்தது. தலைப்பு, 'உன் கை நகம்'. நகத்தை வெட்டுவதும் அதில் சேரும் அழுக்கும்தான் விஷயம். தமிழ்ப் புதுக்கவிதை நடைபழகிய நாட்களில் இப்படி எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். 1975-இல் 'நடுநிசி நாய்கள்' தொகுப்பு வந்தது. பிறகு 1996-இல் '107 கவிதைகள்'.

நூலகத்தில் அவருடைய நாவலைத் தேடும்போது, பக்கத்தில் பசுவய்யா இருக்கிறாரா என்றும் பாருங்கள்.