பெஞ்சில் உட்கார்ந்தால் படிப்பு போய்விடுமா?

மே மாதம், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம். செமஸ்டர் முடியப்போகிறது, டென்னிஸ் சீசனும் முடிந்துவிட்டது. கோச்சின் அறையில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஸ்காலர்ஷிப்பில் போனவன் என்று வைத்துக்கொள்வோம். சீசன் முழுக்க அவன் களம் இறங்கியது மூன்றே ஆட்டங்களுக்கு. கோச் கோபப்படவில்லை, சிரித்த முகமாகவே சொல்கிறார்: "இங்கே உனக்கு ஆட வாய்ப்பு வராது. வேறு காலேஜ் பார்த்துக்கொள்வது உனக்குத்தான் நல்லது. இந்த ஃபாரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

மாணவன் கற்பனைதான். ஆனால் அந்த ஃபாரமும் அந்தச் சிரிப்பும் அங்கே சகஜம். ஸ்காலர்ஷிப்பைப் பறிக்கக் கோச்சுக்கு அதிகாரம் இல்லாத இடத்தில், மாணவனே எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடுகிறது.

நம் ஊர்ப் பெற்றோருக்கு இந்தப் பாதை புதிதல்ல. சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்காக ஆடி 1995-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. இரட்டையர் பட்டம் வென்றார். சென்னையில் ஆடி வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 என இரண்டு முறை ஒற்றையர் பட்டம் வென்றார். ஜெயித்தவர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அதே டீமில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் ஸ்காலர்ஷிப் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

ஆடாதவருக்கு எதற்குப் பணம்?

கேள்வி நியாயமானதுதான். பல தனியார் பல்கலைக்கழகங்களில் ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டுகிறது. ஆட்டத்துக்காகக் கொடுத்த பணம், ஆட்டம் இல்லாதபோது எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் இரு டீம்கள் மோதும்போது ஆறு ஒற்றையர் ஆட்டம், மூன்று இரட்டையர் ஆட்டம். ஒற்றையரில் இறங்குவது ஆறே பேர். டீமில் எட்டு, பத்துப் பேர் இருப்பார்கள். கால்பந்தில் இது இன்னும் பெரிய கணக்கு. அமெரிக்கக் கால்பந்தின் உச்சப் பிரிவில் ஒரு டீமுக்குப் பல ஆண்டுகள் 85 ஸ்காலர்ஷிப் வரை அனுமதி இருந்தது, களத்தில் ஒரே நேரத்தில் நிற்பது 11 பேர். ஆக, பலர் உட்கார்ந்திருப்பது அந்த ஏற்பாட்டிலேயே உள்ளது. அது அவர்கள் குற்றமல்ல.

உட்கார்ந்திருப்பவர் சும்மாவும் இருப்பதில்லை. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பயிற்சி என்பது முதல் ஆட்டக்காரருக்கும் பத்தாவது ஆட்டக்காரருக்கும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை எதிரணி இடக்கை ஆட்டக்காரர் வருகிறார் என்றால், புதன்கிழமை நூறு முறை இடக்கை சர்வீஸ் போட்டுக் கொடுப்பது பெஞ்சில் இருப்பவர்தான். ஸ்கோர் பலகையில் அது ஏறாது.

யாரை இறக்குவது என்று முடிவு செய்வது கோச். 17 வயதுப் பையனின் வீடியோவைப் பார்த்து, "வா" என்று அழைத்தவரும் கோச். அவர் கணிப்பு தவறினால் அதன் செலவை மாணவன் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? இதில் இன்னொன்றும் உண்டு. இவர்கள் ஊழியர்கள் அல்ல, மாணவர்கள் என்றுதான் கல்லூரி விளையாட்டு அமைப்புகள் பல ஆண்டுகளாக வாதாடி வருகின்றன. ஊழியர் இல்லையென்றால், வேலை சரியில்லை என்று சொல்லி நீக்கவும் முடியாது அல்லவா?

அதற்காகப் பயிற்சிக்கே வராமல் ஸ்காலர்ஷிப்பை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. இந்தக் கோட்டை ஒரு பழைய வழக்கு தெளிவாகப் போட்டது. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மாணவர் கிரெக் டெய்லர், மதிப்பெண் சரிந்ததால் பயிற்சியை நிறுத்தினார். சராசரி 1.0-இலிருந்து 1.9-க்கும், பிறகு 2.4-க்கும் ஏறியது. ஏறிய பிறகும் அவர் டீமுக்குத் திரும்பவில்லை. பல்கலைக்கழகம் உதவியை நிறுத்தியது. 1972-இல் வட கரோலினா மேல்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. திறமை போதவில்லை என்பது வேறு, ஆட மாட்டேன் என்பது வேறு.

இரண்டு ஓட்டில் தப்பிய விதி

1973-இல் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒரு முடிவு எடுத்தது: ஸ்காலர்ஷிப் ஓராண்டுக்கு மட்டும், ஆண்டுதோறும் புதுப்பித்தால்தான் உண்டு. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கோச்சின் கையில் இருந்த சாட்டை இதுதான். அடிபட்டவரையும், ஆட்டம் தளர்ந்தவரையும், புதுக் கோச்சுக்குப் பிடிக்காதவரையும் ஜூன் மாதத்தில் சத்தமில்லாமல் கழற்றிவிடலாம்.

ரைஸ் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர் ஜோசப் ஆக்ன்யூவுக்கு நடந்தது இது. காயம் பட்டது, கோச்சும் மாறினார். மூன்றாம் ஆண்டுக்கு உதவி இல்லை என்றார்கள். அவர் மேல்முறையீடு செய்தார், அந்த ஆண்டு உதவி திரும்பக் கிடைத்தது. நான்காம் ஆண்டுக்குக் கிடைக்கவில்லை. ஓராண்டு விதியையே எதிர்த்து அவர் தொடுத்த வழக்கு 2012-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே, பல ஆண்டுகளுக்கான ஸ்காலர்ஷிப் கொடுக்க என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. எதிர்த்த கல்லூரிகள் அதை ரத்து செய்ய ஓட்டெடுப்பு கேட்டன. ரத்தாக 62.5 சதவீதம் வேண்டும், விழுந்தது 62.12 சதவீதம். 330 ஓட்டில் இரண்டே ஓட்டுக் குறைவு. 2015-இல் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐந்து போட்டிக் கூட்டமைப்புகள் இன்னும் ஒரு படி போய், ஆட்டத்தைக் காரணம் காட்டி ஸ்காலர்ஷிப்பை வெட்டக் கூடாது என்று விதி செய்தன. 2023-இல் எடுத்த முடிவின்படி, 2024 ஆகஸ்ட் 1 முதல் என்.சி.ஏ.ஏ.-வின் மேல் பிரிவான டிவிஷன் I முழுவதற்கும் அந்தப் பாதுகாப்பு விரிந்தது.

எதற்காகப் பறிக்கலாம், எதற்காகக் கூடாது

டிவிஷன் I விதியின் சாரம் இது. திறமை குறைவு, ஆட்டம் சரியில்லை, டீமின் வெற்றிக்குப் பங்களிக்கவில்லை, காயம், நோய் – இவற்றுக்காக ஸ்காலர்ஷிப்பை நிறுத்தவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

பறிக்கக்கூடிய காரணங்கள் வேறு:

- படிப்பில் பின்தங்கி, போட்டியில் ஆடும் தகுதியை இழப்பது
- விண்ணப்பத்திலோ ஒப்பந்தத்திலோ பொய்த் தகவல் தருவது
- பெரிய ஒழுங்கீனம். அதை முடிவு செய்ய வேண்டியது பல்கலைக்கழகத்தின் வழக்கமான மாணவர் ஒழுங்கு அமைப்பு, கோச் அல்ல
- சொந்தக் காரணத்துக்காகத் தானே விளையாட்டிலிருந்து விலகுவது
- ஒப்பந்தத்தில் எழுதியுள்ள, ஆட்டத்தோடு தொடர்பில்லாத நிபந்தனைகளை மீறுவது

டீமிலிருந்து நீக்குவதும் ஸ்காலர்ஷிப்பை நீக்குவதும் ஒன்றல்ல. யாரை டீமில் வைப்பது என்பது கோச்சின் உரிமை. டீமில் இல்லை என்பதாலேயே படிப்புக்கான உதவி நின்றுவிடாது. "டீமில் உனக்கு இடமில்லை" என்றதும் பெட்டியைக் கட்டும் மாணவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

எங்கே கைநழுவும்

முதல் ஆபத்து அந்தக் கையெழுத்து. "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் பாதுகாப்பு அந்த நிமிடமே போயிற்று. வேறு கல்லூரிக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுப்பதும் அப்படித்தான்: எழுத்தில் கேட்டுவிட்டால், அந்தப் பருவத்தின் முடிவில் உதவியை நிறுத்தப் பழைய கல்லூரிக்கு வழி உண்டு. புது இடம் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. போர்ட்டல் ஒரு வாசல்தான், அந்தப் பக்கம் வீடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இரண்டாவது, மதிப்பெண். பெஞ்சால் போகாத ஸ்காலர்ஷிப் பாடத்தால் போகும். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம், நான்காம் ஆண்டுக்கு 60, ஐந்தாம் ஆண்டுக்கு 80 சதவீதம் முடித்திருக்க வேண்டும். பயிற்சி நேரத்துக்கு இடைஞ்சல் என்று கோச் சொல்லி ஒரு பாடத்தை விடும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

மூன்றாவது, விசா. எஃப்-1 மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும். இளங்கலையில் அது பொதுவாகச் செமஸ்டருக்கு 12 கிரெடிட். ஸ்காலர்ஷிப் நின்றதால் மட்டும் விசா போகாது. கட்டணம் கட்ட முடியாமல், சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் பாடங்களை விட்டால் போகும். செலவைச் சமாளிக்க வெளியே கடையில் வேலைக்குச் சேர்ந்தாலும் போகும்.

நான்காவது, காயம். "மருத்துவக் காரணத்தால் இனி ஆட முடியாது" என்று ஒரு தாளை நீட்டினால், கையெழுத்துக்கு முன் ஒன்று கேளுங்கள்: போட்டால் இந்தப் பல்கலைக்கழகத்துக்காக மறுபடி ஆட முடியுமா?

ஐந்தாவது, புதிதாக வந்தது. 2025 ஜூன் 6 அன்று விளையாட்டு மாணவர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் தொடுத்த ஹவுஸ் வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த சமரசத்தின்படி, 2025-26-இல் ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு மாணவர்களுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பு போய், டீமின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் டென்னிஸ் டீமுக்கு 10 பேர். பத்துப் பேர் நிறைந்த டீமில் புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் ஒருவர் வெளியே போக வேண்டும். இனிச் சிரித்த முகத்தோடு நீளும் ஃபாரங்கள் கூடும். அந்தப் பணத்துக்கான ஒப்பந்தமும் ஸ்காலர்ஷிப் ஒப்பந்தமும் தனித்தனி. முன்னதன் நிபந்தனைகள் வேறு. எஃப்-1 விசாவில் வேலைக்குக் கட்டுப்பாடு இருப்பதால், சர்வதேச அலுவலகத்தில் கேட்காமல் அதில் கையெழுத்தே வேண்டாம்.

என்ன செய்யலாம்

அந்த அறையிலேயே செய்ய வேண்டியது ஒன்றுதான்: "யோசித்துச் சொல்கிறேன், எழுத்தில் கொடுங்கள்" என்று எழுந்து வருவது. அறைக்கு வந்ததும், யார் என்ன சொன்னார்கள் என்று தேதியோடு எழுதி, கோச்சுக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று நீங்கள் சொன்னது இது, நான் புரிந்துகொண்டது சரிதானா?" வாயால் சொன்னதைத் தாளில் கொண்டுவர இதைவிட நல்ல வழி இல்லை. கடைசி வரியில், "டீமில் தொடரவும் பயிற்சிக்கு வரவும் தயாராக இருக்கிறேன்" என்று சேருங்கள். பிறகு நாள் தவறாமல் பயிற்சிக்குப் போங்கள். டெய்லர் தோற்ற இடத்தில் நீங்கள் தோற்கக் கூடாது.

ஸ்காலர்ஷிப் தொடருமா, குறையுமா, நிற்குமா என்பதை ஜூலை 1-க்குள் எழுத்தில் தெரிவிப்பது பல்கலைக்கழகத்தின் கடமை. குறைத்தாலோ நிறுத்தினாலோ விசாரணை கேட்கும் உரிமையையும் சொல்லியாக வேண்டும். அந்த விசாரணையை விளையாட்டுத் துறை நடத்தக் கூடாது. நிதியுதவி கொடுக்கும் அமைப்புதான் நடத்த வேண்டும். கடிதத்தில் உள்ள கெடு தேதியை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும்போதுதான் பெரும்பாலும் அந்தக் கடிதம் வரும். கல்லூரி மின்னஞ்சலை விடுமுறையிலும் பார்க்க வேண்டும்.

விசாரணைக்குப் போகும்போது ஒப்பந்தம், மதிப்பெண் பட்டியல், பயிற்சி வருகை, மின்னஞ்சல்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். "நன்றாக ஆடுவேன்" என்று கெஞ்சத் தேவையில்லை. ஆட்டத்தைத் தவிர என்ன காரணம் என்று கேட்டால் போதும்.

துணைக்கும் ஆள் உண்டு. விளையாட்டுத் துறைக்கு வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட பேராசிரியர் பிரதிநிதி ஒருவர் என்.சி.ஏ.ஏ. கல்லூரிகள் எல்லாவற்றிலும் இருப்பார். பல வளாகங்களில் மாணவர்களுக்கான சட்ட உதவி மையமும் உண்டு. விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திலும் கேட்கலாம், ஆனால் அது பல்கலைக்கழகத்தின் அலுவலகம் என்பது நினைவிருக்கட்டும்.

விமானம் ஏறும் முன்பே

இத்தனையும் டிவிஷன் I கல்லூரிகளுக்கு. டிவிஷன் III-இலும் ஐவி லீகிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. டிவிஷன் II, ஜூனியர் காலேஜ் போன்றவற்றில் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வழக்கம் உண்டு. "ஃபுல் ஸ்காலர்ஷிப்" என்று ஏஜென்ட் சொன்னால், எந்த டிவிஷன் என்பதே முதல் கேள்வி.

பிறகு ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைப் பெற்றோரும் படியுங்கள். எத்தனை ஆண்டுக்கு? கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் – இவற்றில் எதெது? "இணைப்பில் உள்ள டீம் விதிகளுக்கு உட்பட்டு" என்று இருந்தால் அந்த இணைப்பு எங்கே? காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? கோச் வாட்ஸ்அப்பில் "நாலு வருஷத்துக்கும் நான் பொறுப்பு" என்றால், அந்த வரி ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். கோச்சுகள் வேலை மாறுவார்கள், ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தோடு போட்டது.

ஆக்ன்யூ வழக்கில் தோற்றார். ஆனால் ஓராண்டு விதி கோலோச்சிய காலத்திலேயே, ஒரு மனுவை எழுதிக் கொடுத்து மூன்றாம் ஆண்டுப் படிப்பை மீட்டார். அவருக்கு இல்லாத விதி இன்று நம் பிள்ளைக்கு இருக்கிறது. மே மாதத்தில் அந்த ஃபாரம் மேசையில் நீளும்போது, பேனாவை எடுக்காமல் வெளியே வந்து அவன் வீட்டுக்கு ஃபோன் செய்தால், "சரி, கையெழுத்துப் போட்டுவிடு" என்று சொல்லிவிடாத அப்பாவும் அம்மாவும் அந்த முனையில் இருக்க வேண்டும்.