பேப்பர் போடும் முன்: ஐடியில் இருந்து காட்டுக்குப் போன ஒரு சம்பளக் கணக்கு

2023 நவம்பர்ல ஒரு சனிக்கிழமை கன்சல்டேஷன் கால். எதிர்முனையில 27 வயசுப் பொண்ணு. சிறுசேரியில டெஸ்டிங் இன்ஜினியர், சொந்த ஊர் கும்பகோணம். நான் வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, "அண்ணா, அடுத்த மாசம் பேப்பர் போடப் போறேன். வைல்ட்லைஃப் சைடு போகணும். மாசம் 35 ஆயிரத்துல வாழ முடியுமா, அதை மட்டும் சொல்லுங்க"ன்னாங்க.

இந்த மாதிரி கால் இப்போ அடிக்கடி வருது. சில வருஷம் முன்னாடி வேலையை விடறேன்னு சொன்னா ஸ்டார்ட்அப், இல்லன்னா யூபிஎஸ்சி. இப்போ ஆமை, யானை, சதுப்பு நிலம்னு சொல்றாங்க. இது வெறும் ஆசைன்னு தள்ளிவிட முடியாது, ஏன்னா தமிழ்நாட்டுல இந்தத் துறையில நிஜமாவே பணம் இறங்கியிருக்கு. வரையாட்டுக்குன்னு தனித் திட்டம் 2022 டிசம்பர்ல 25.14 கோடி ரூபாயில அறிவிச்சாங்க. அதே வருஷம் பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டர்ல கடற்பசு பாதுகாப்பகம். ராம்சார் ஈரநிலங்கள் இப்போ தமிழ்நாட்டுல 20, இந்தியாவிலேயே அதிகம் நம்மகிட்டதான். இந்தத் திட்டங்களுக்குக் கணக்கெடுக்க, மேப் போட, ரிப்போர்ட் எழுத ஆள் வேணும்.

ஆனா அந்தப் பொண்ணு கேட்ட கேள்வியே தப்பு. 35 ஆயிரத்துல வாழ முடியும். 35 ஆயிரம் வராத மாசத்துல எப்படி வாழப் போறீங்கங்கிறதுதான் கேள்வி.

இதை நான் கணக்கு டேபிளோட மறுபக்கம் இருந்து சொல்றேன். ரெண்டு மூணு சுற்றுச்சூழல் டிரஸ்டுக்கு நான் ஆடிட் பண்றேன். அங்க சம்பளம் எங்கிருந்து வருதுன்னு பார்த்தா எல்லாம் புரிஞ்சிடும்.

முதல் வழி சிஎஸ்ஆர். கம்பெனிச் சட்டம் 2013-ல 135-வது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, டர்ன்ஓவர் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்ட கம்பெனி, முந்தைய 3 வருஷ சராசரி லாபத்துல 2% சமூகத்துக்குச் செலவு பண்ணணும். சுற்றுச்சூழலும் வன உயிர்ப் பாதுகாப்பும் அந்தப் பட்டியல்ல இருக்கு. ஆனா இந்தப் பணம் ப்ராஜெக்ட்டுக்கு வர்றது, ஆளுக்கு வர்றது இல்ல. ப்ராஜெக்ட் ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு இருக்கும். அடுத்த தவணைக்கு அந்தக் கம்பெனி போர்டு மீட்டிங்ல கையெழுத்து ஆகணும். போர்டு மீட்டிங் தள்ளிப்போனா, மலை மேல கேமரா மாட்டிக்கிட்டு இருக்கிறவரோட சம்பளமும் தள்ளிப்போகும். மும்பையில யாரோ லீவுல போனதுக்கு வால்பாறையில ஒருத்தர் ரெண்டு மாசம் கடன் வாங்குவார். மிகைப்படுத்தல, லெட்ஜர்ல பார்த்திருக்கேன்.

ரெண்டாவது வழி வெளிநாட்டு நிதி. 2020-ல எஃப்சிஆர்ஏ சட்டத்தைத் திருத்தினாங்க. நிர்வாகச் செலவுக்கு அதுவரைக்கும் 50% வரைக்கும் போகலாம்னு இருந்தது, 20% ஆச்சு. வாங்கின நிதியை இன்னொரு அமைப்புக்கு மாத்திக் கொடுக்கவும் தடை. ஆபீஸ்ல உட்கார்ந்து செய்யற வேலைக்கான சம்பளம் பெரும்பாலும் அந்த 20%-க்குள்ள அடங்கணும். ஆராய்ச்சியே முக்கிய வேலையா இருக்கிற அமைப்புல ஃபீல்ட் டேட்டா சேகரிக்கிறவங்க, அதை அலசறவங்க சம்பளம் அந்தக் கணக்குல வராது. அதனாலதான் சில இடங்கள்ல ஃபீல்ட் ஆளுக்கு உடனே இடம் இருக்கும், கம்யூனிகேஷன் ஆளுக்கு இருக்காது. இன்டர்வியூவுக்குப் போகும்போது "இந்தப் போஸ்ட்டுக்குப் பணம் எந்த நிதியில இருந்து வருது, அது எப்போ முடியுது?"ன்னு கேளுங்க. தப்பா எடுத்துக்க மாட்டாங்க. விவரம் தெரிஞ்ச ஆள்னு நினைப்பாங்க.

மூணாவது அரசு ஆராய்ச்சி நிதி. ஜேஆர்எஃப் 2023 ஜனவரியில இருந்து மாசம் 37,000, எஸ்ஆர்எஃப் ஆனா 42,000, ஹெச்ஆர்ஏ தனி. ஆனா அதுக்கு முதுகலைப் படிப்பும் நெட் தேர்வும் வேணும். டெஹ்ராடூன்ல இருக்கிற இந்திய வன உயிரின நிறுவனம், பெங்களூர்ல என்சிபிஎஸ் நடத்துற ரெண்டு வருஷப் படிப்பு, ரெண்டுக்கும் போட்டி கடுமை. நம்ம ஊர்லயே ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏவிசி கல்லூரியிலும் வன உயிரியல்ல எம்எஸ்சி இருக்கு. நிறைய பேருக்கு இது தெரியறதே இல்ல.

சரி, அந்தப் பொண்ணு கதைக்கு வருவோம். வேலையில சேர்ந்தது 2019 ஜூலை. அதாவது எங்கிட்ட பேசும்போது 4 வருஷம் 4 மாசம். நான் முதல்ல கேட்டது பேசிக் எவ்வளவுன்னு. 34,000. கால்குலேட்டர்ல போட்டுக் காட்டினேன்: 34,000-ஐ 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கி, 5 வருஷம். ரூ.98,077. இதுதான் கிராஜுவிட்டி. இன்னும் 8 மாசம் இருந்தா முழுசா வரும், வரியும் கிடையாது. 5 வருஷம் ஆகறதுக்கு முன்னாடி இபிஎஃப் எடுத்தா வரி விழும், ஆனதுக்கப்புறம் விழாது. அதையும் சேர்த்துச் சொன்னேன்.

"எட்டு மாசமா? மனசு ஏற்கெனவே போயிடுச்சுண்ணா"ன்னாங்க.

மனசு போகட்டும், கார்டு ஸ்வைப் பண்ணிட்டு உடம்பு மட்டும் வந்துட்டுப் போகட்டும்னேன். சிரிச்சாங்க. ஆனா நான் சொன்னது விளையாட்டுக்கு இல்ல. அந்த 8 மாசத்துல 30-க்கு மேல வார இறுதி இருக்கு. இந்தத் துறையில நெட்வொர்க்கிங்னா லிங்க்ட்இன்ல ஹாய் அனுப்பறது இல்ல. எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு முதல் வேலை, ராத்திரி கூட நடந்தவங்க மூலமாத்தான் கிடைச்சிருக்கு.

சென்னையில இருந்தா ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் பங்குனி ஆமை சீசன். எஸ்எஸ்டிசிஎன்னு மாணவர்கள் நடத்துற ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-ல இருந்து ராத்திரி கடற்கரையில நடக்குது, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துல வைக்குது. பொங்கல் நாலு நாளும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. ஒரு பைனாகுலரும் போன்ல இ-பேர்டு ஆப்பும் போதும், பள்ளிக்கரணைக்கோ உங்க ஊர் ஏரிக்கோ போய் லிஸ்ட் போடலாம். வனத்துறை நடத்துற ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைக் கூப்பிடுவாங்க. இங்க எல்லாம் ரேஞ்சர், ஆராய்ச்சி மாணவர், டிரஸ்ட் நடத்துறவர் எல்லாரும் ஒரே டீக்கடையில நிப்பாங்க. கார்டு நீட்டறதுக்கு முன்னாடி நாலு வாரம் ஒழுங்கா வாங்க, அது போதும். இதுக்கு அடுத்த படி பெங்களூர்ல நடக்கிற பாதுகாப்பு அறிவியல் மாணவர் மாநாடு, சுருக்கமா எஸ்சிசிஎஸ். படிப்பு முடிச்சவங்களும் படிக்கிறவங்களும் வேலை தேடறவங்களும் ஒரே இடத்துல கிடைப்பாங்க. டிக்கெட், ரூம் செலவை ஒரு கோர்ஸ் ஃபீஸ் மாதிரி பட்ஜெட்ல வச்சுக்கோங்க.

பொண்ணு சொன்னபடி செஞ்சாங்க. ஆமை நடையில பழக்கமான ஒருத்தர் மூலமா, ஒரு டிரஸ்ட்ல ரெண்டு வருஷக் கேமரா ட்ராப் படங்கள் எக்செல்ல தாறுமாறா கிடக்குன்னு தெரிஞ்சது. டெஸ்டிங் இன்ஜினியருக்கு இது கை வந்த வேலை. மூணு சனி ஞாயிறுல ஸ்கிரிப்ட் எழுதி சரி பண்ணிக் கொடுத்தாங்க, காசு வாங்கல. ஜூன் மாசம் அந்த டிரஸ்ட்ல இருந்தே ஆஃபர்: மேற்குத் தொடர்ச்சி மலையில ஃபீல்ட் ஸ்டேஷன், மாசம் 35,000, 11 மாசக் காண்ட்ராக்ட், தங்கற இடம் இலவசம். விலங்கியல் படிச்சவங்க பலர் அதே போஸ்ட்டுக்கு இருந்தாங்க. இவங்களுக்குக் கிடைச்சதுக்குக் காரணம் விட்டுட்டு வரணும்னு நினைச்ச அந்தப் பழைய வேலைதான்.

இப்போ பட்ஜெட். சென்னையில கையில வந்தது 72,000. வாடகைப் பங்கு, சாப்பாடு, வீட்டுக்கு 15,000, கல்விக் கடன் இஎம்ஐ 9,200, எஸ்ஐபி 12,000 எல்லாம் போய் மிச்சம் ஒண்ணும் பெருசா இல்ல. மலைக்குப் போனதும்: சாப்பாடு 5,500, இஎம்ஐ 9,200, வீட்டுக்கு 10,000, சொந்த ஹெல்த் இன்சூரன்ஸ் மாசத்துக்கு 1,200, போன், பஸ், மத்தது 5,000. மொத்தம் 30,900. கையில 35,000 வந்தா தப்பிச்சோம்னு தோணும். ஆனா வராது. காண்ட்ராக்ட்ல "கன்சல்டன்ட்"னு போட்டிருந்தாங்க. கன்சல்டன்ட்னா அது சம்பளம் இல்ல, புரொஃபஷனல் ஃபீஸ். 10% டிடிஎஸ். கையில வந்தது 31,500. மிச்சம் 600 ரூபாய். இபிஎஃப் கிடையாது, குரூப் இன்சூரன்ஸ் கிடையாது, லீவுக்குச் சம்பளம் கிடையாது.

டிடிஎஸ் போன பணம் போயிடல. ரிட்டர்ன் ஃபைல் பண்ணினா திரும்ப வரும். 2024-25-ல அவங்களுக்கு 4 மாசம் சம்பளம், 8 மாசம் ஃபீஸ். ரெண்டும் சேர்ந்து 7 லட்சத்துக்குக் கீழ, அதனால புது வரி முறையில ரிபேட் போக வரி பூஜ்யம். பழைய கம்பெனி பிடிச்சது 14 ஆயிரம் சொச்சம், டிரஸ்ட் பிடிச்சது 28,000. இப்போ அந்த ரிபேட் வரம்பு 12 லட்சம் ஆயிடுச்சு, இந்தத் துறையில ஆரம்ப நிலையில இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு வரி வரவே வராது. ஆனாலும் ரிட்டர்ன் போடலைன்னா டிடிஎஸ் அரசாங்கத்துக்கிட்டயே தங்கிடும். "எனக்குத்தான் வரியே இல்லையே"ன்னு ஃபைல் பண்ணாம விட்ட ஃபீல்ட் பயாலஜிஸ்ட் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன், வயித்தெரிச்சல்.

இன்னொரு விஷயம், சத்தமில்லாம கவுக்கறது இதுதான். வேலையை விட்டா கம்பெனி குரூப் பாலிசியும் அதோட போயிடும். இவங்க அப்பாவுக்குச் சுகர், அதுவரைக்கும் கம்பெனி பாலிசியில இருந்தார். புதுசா பாலிசி எடுத்தா ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் இருக்கலாம். கடைசி வேலை நாளுக்கு முன்னாடியே அதே இன்சூரன்ஸ் கம்பெனியில தனிப் பாலிசியா மாத்தக் கேட்டா, இருந்த வருஷங்களுக்குச் சலுகை கிடைக்கும். கேட்டாங்க, கிடைச்சது. அப்பா அம்மா பாலிசி பிரீமியத்தை அவங்க அண்ணன் எடுத்துக்கிட்டார். அதுக்கு வீட்டுல ஒரு சண்டை நடந்தது, அது தனிக் கதை.

முக்கியமானது இடைவெளி நிதி. எமர்ஜென்சி ஃபண்டுன்னு நம்ம சேனல்ல எப்பவும் சொல்றது எதிர்பாராத செலவுக்கு. இது எதிர்பார்க்கிற வருமான நிறுத்தத்துக்கு, அதனால தனியா வைக்கச் சொல்றேன். 8 மாசமும் எஸ்ஐபியை நிறுத்தச் சொல்லி அந்த 12,000-ஐ லிக்விட் ஃபண்டுல போடச் சொன்னேன். எஸ்ஐபியை நிறுத்தச் சொன்ன சிஏன்னு திட்டுங்க, பரவாயில்ல. 96,000 ஆச்சு. கிராஜுவிட்டி 98,077. ரெண்டும் சேர்த்து 1,94,000. மாசம் 30,900 வீதம் 6 மாசத்துக்கு மேல தாங்கும்.

தாங்க வேண்டியதாவும் ஆச்சு. 2025 ஜூன்ல காண்ட்ராக்ட் முடிஞ்சது. "ரின்யூவல் உறுதி, ஒரு பேப்பர் வரணும்"னாங்க. ஜூலை வரல, ஆகஸ்ட் வரல. செப்டம்பர் நடுவுல எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, பழைய மேனேஜர் கூப்பிடறார். 90 தர்றேங்கறார்." நான் பதில் சொல்லல, ஃபண்டுல மிச்சம் எவ்வளவுன்னு மட்டும் கேட்டேன். ஆகஸ்ட் கடைசியில ரீஃபண்டு 42,000 வந்திருந்தது, அதைச் சேர்த்தா கையில இன்னும் அஞ்சு மாசத்துக்கு இருந்தது. "அப்போ அக்டோபர் வரைக்கும் பார்க்கறேன்"னாங்க. அக்டோபர் முதல் வாரம் கையெழுத்தாச்சு. இந்தத் தடவை 41,000 கேட்டாங்க, 39,000-க்கு முடிஞ்சது. அதோட விபத்துக் காப்பீடும் டிரஸ்ட் செலவுல வேணும்னு எழுதி வாங்கினாங்க. யானை நடமாட்டம் இருக்கிற இடத்துல முதல்ல கேட்டிருக்க வேண்டியது அதுதான், எனக்கும் அப்போ தோணல.

எல்லாரும் மலைக்குப் போகணும்னு இல்ல. செபி விதிப்படி பட்டியலிட்ட கம்பெனிகள்ல முதல் 1000-க்கு 2022-23-ல இருந்து பிஆர்எஸ்ஆர் ரிப்போர்ட் கட்டாயம். தண்ணி, கழிவு, கார்பன் கணக்கு எல்லாம் அதுல வரும். அந்த டீமுக்கு ஆள் எடுக்கறாங்க, சம்பளம் கார்ப்பரேட் சம்பளம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பண்ற கன்சல்டன்சிகள்லயும் உயிரினப் பன்மை தெரிஞ்ச நிபுணர் வேணும். அங்க மனசாட்சியோட கொஞ்சம் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கும்னு அதுல இருக்கிற நண்பர் ஒருத்தர் சொல்வார்.

வெளிநாட்டு கிராண்ட் ஏதாவது உங்க பேருக்கே கிடைச்சா, சேவிங்ஸ் அக்கவுண்ட் நம்பரைக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்ட பேசிடுங்க. எஃப்சிஆர்ஏ தனி நபரையும் தொடும். கிராண்ட் வந்தபிறகு வர்ற கால்களுக்கு எங்கிட்ட நல்ல பதில் இருக்கறதில்ல.

மேல சொன்ன கிராஜுவிட்டி, டிடிஎஸ், இடைவெளி நிதிக் கணக்கை உங்க பேசிக், உங்க இஎம்ஐ போட்டுப் பார்க்கற மாதிரி ஒரு ஷீட்டா வச்சிருக்கேன். இந்த வார வீடியோவோட டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. மஞ்சள் கட்டத்தை மட்டும் மாத்துங்க, ஃபார்முலாவை அழிச்சிட்டு எனக்கு மெயில் போடாதீங்க.