அம்மாவிடம் எப்போது சொல்வது?

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் பஸ் இறங்கி ஏறும் பாதையில்தான் அந்தத் தங்கை என்னிடம் வாய் திறந்தாள். வீட்டில் பேச முடியாது. லயத்தில் அடுத்த காம்பராக்காரர் தும்மினாலே இங்கே கேட்கும்.

"அக்கா, மாப்பிள்ளை பாக்குறாங்க. எனக்கு ஆம்பளைங்க மேல மனசு போகல. பொம்பளப் பிள்ளைங்க மேலதான். அம்மாகிட்ட சொல்லிறவா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் இதே கேள்வியுடன் வந்த இன்னொரு பெண்ணிடம், "உண்மையைச் சொல்லிவிடு, பாரம் குறையும்" என்று சொல்லியனுப்பினேன். சமூகவியல் படித்த மிதப்பு. அன்றிரவே அவளது கைத்தொலைபேசியைப் பறித்துவிட்டார்கள். பேய் பிடித்திருக்கிறதென்று மந்திரிக்கக் கொண்டுபோனார்கள். மூன்று மாதத்தில் கல்யாணமும் முடிந்தது. அவள் இப்போது என்னுடன் பேசுவதில்லை.

அதனால் இம்முறை கேள்விதான் கேட்டேன். சொன்ன அன்று வெளியே போ என்றால் எங்கே தூங்குவாய்? சம்பளம் யார் கையில்? அடையாள அட்டை யாரிடம்? மாத்தளை டவுனில் கடையொன்றில் வேலை செய்கிறாள். சம்பளம் அம்மாவிடம், அட்டை அப்பாவின் பெட்டியில். அப்படியானால் இப்போது சொல்லாதே என்றேன். கல்யாணம் வேண்டாம் என்பதை மட்டும் சொல். அதற்குக் காரணம் கூற வேண்டிய கடமை எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

பொலிஸ் பிடிக்குமா என்றும் பயந்தாள். தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முன்பு ஆண்களைத்தான் குறித்தது. 1995 இல் வந்த திருத்தம் பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டது. ரொசானா பிளேமர் கல்தேரா என்ற இலங்கைப் பெண் இதற்கெதிராக முறைப்பாடு செய்து, பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் ஐ.நா. குழுவில் 2022 இல் சாதகமான தீர்ப்புப் பெற்றார். இக்குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 இல் உயர் நீதிமன்றமும் கூறியது. அதனால் மட்டும் சட்டம் மாறிவிடவில்லை. ஆனால் அப்பிரிவு பேசுவது செயலைப் பற்றி. ஒருத்தியின் மனதைப் பற்றியல்ல.

உலகத்தில் தான் மட்டும்தான் இப்படியென்று அவள் நினைத்திருந்தாள். ரொசானா 2004 இல் கொழும்பில் தொடங்கிய 'ஈக்குவல் கிரவுண்ட்' அமைப்பைப் பற்றிச் சொன்னேன். பின்பு எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெண்கள் இருவரைச் சந்திக்க ஒரு போயா தினத்தில் கண்டிக்குப் போனாள். பகல் நேரம், ஆள் நடமாட்டமுள்ள வாவிக்கரை, போனதும் வந்ததும் எனக்குத் தகவல், முன்பின் தெரியாதவருக்குப் படம் அனுப்பாதே என்று நிபந்தனை போட்டேன். திரும்பி வந்தவள் சிரித்தாள். "ஒரு அக்கா பாதி நேரம் வெங்காய விலைதான் பேசினாங்க!"

பிள்ளையிடமிருந்து இதைக் கேட்கும் தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மதுரையிலிருந்து பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு ஓடிய இரு பெண்களின் வழக்கை 2021 இல் விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது சரியாக விளங்கவில்லையென்று உளவியலாளரிடம் போய்க் கேட்டறிந்தார். அதன் பின்புதான் அப்பெண்களுக்குப் பாதுகாப்பளித்து, இத்தகையோரை 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடைசெய்தார். படித்த நீதிபதிக்கே அவகாசம் தேவைப்பட்டது. பூசாரியிடம் போகுமுன் நாமும் கொஞ்சம் பொறுக்கலாம்.

தங்கை இப்போது சொந்தமாக வங்கிப் புத்தகம் வைத்திருக்கிறாள். அடையாள அட்டையும் அவள் கையில். முதலில் சின்னம்மாவிடம்தான் சொன்னாள். சின்னம்மா அழுதாராம், ஆனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. போன மாதம் பெண் பார்க்க வரவிருந்தவர்களை அவரே ஏதோ சாக்குச் சொல்லி நிறுத்திவிட்டார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.