கிழங்கும் கோடிட்ட துணியும்: கவாகோயே நகரில் ஒரு நாள்

டோக்கியோ மாநகரின் இக்கெபுக்குரோ நிலையத்தில் ரயிலேறினால் சுமார் அரைமணி நேரத்தில் கவாகோயே நகரை அடையலாம். தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நம் அங்கத்தினர்கள் அறிய வேண்டிய பொருள்கள் இரண்டு அவ்வூரில் உள்ளன. ஒன்று சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மற்றொன்று கோடிட்ட பருத்தித் துணி. அவற்றைக் காணவே நாம் அங்குச் சென்றோம்.

பழைய கடைவீதியின் இருபுறமும் கனத்த மண்சுவரும் கரிய ஓட்டுக் கூரையும் கொண்ட கடைகள் நிற்கின்றன. 1893-ஆம் ஆண்டில் மூண்ட பெருந்தீயில் நகரின் மூன்றிலொரு பங்கு அழிந்தது. மண்சுவர்க் கட்டடங்கள் சில எரியாது நின்றதைக் கண்ட வணிகர்கள் தம் கடைகளையும் அவ்வாறே எழுப்பினர்.

இவ்வட்டாரத்தில் கிழங்குச் சாகுபடி 1751-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. நிலமோ வளம் குறைந்தது. உழவர்கள் தோப்புகளில் உதிர்ந்த இலைகளை மக்கச் செய்து உரமிட்டனர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2023-இல் இம்முறையை உலக வேளாண் மரபாக ஏற்றது. விளைந்த கிழங்கு சிங்காஷி ஆற்றுப் படகுகளில் எடோ நகருக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குச் சென்றது. இன்று அதே கிழங்கு மெல்லிய வில்லைகளாகச் சுட்டுப் பாகு தடவியும், பயற்று விழுதுடன் மாவில் பொதிந்து அவித்தும், பனிக்கூழாகவும் அவ்வூர்க் கடைகளிலேயே விலையாகிறது.

துணியின் வரலாறு நமக்கு இன்னும் நெருங்கியது. சோழமண்டலக் கரையின் கோடிட்ட பருத்தித் துணி கப்பலேறி ஜப்பான் சென்றபோது, அங்கு அது 'சந்தோமே' எனப் பெயர் பெற்றது. மயிலாப்பூரை அடுத்த நம் சாந்தோமே அப்பெயரின் மூலம். 1859-இல் யோக்கோஹாமா துறைமுகம் திறக்கப்பட்டபின், கவாகோயே வணிகர்கள் அயல்நாட்டு மெல்லிய நூலை வாங்கி அவ்வகைத் துணியை நெய்வித்துக் குறைந்த விலைக்கு விற்றனர். கோடு நம் கரையினது, நூல் பிறநாட்டினது, துணிக்கு நிலைத்த பெயரோ கவாகோயேயினது.

நம் நாட்டிலும் ஊர்ப் பெயரைக் காக்க 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் உண்டு. ஆயினும் சட்டம் மட்டும் போதாது. நாம் நெய்த சேலையைப் பிறர் தம் முத்திரையிட்டு விற்பதும், விளைச்சல் முழுவதும் களத்திலேயே விலைபோவதும் தொடருமாயின், உழைப்பின் பயன் உழைத்தவர்க்குச் சேராது. அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும் இரண்டு வினாக்களை ஆராய்வதாக: நம் துணியில் நம் ஊர்ப் பெயர் உள்ளதா? நம் விளைச்சலில் ஒரு பங்கையேனும் பண்டமாக்கி விற்கிறோமா?