செவிநரம்புக்குள் ஓசை கிடையாது

காதுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் செவிநரம்பில் ஓசை என்று எதுவும் பயணிப்பதில்லை. காற்றில் வந்த அதிர்வு செவிப்பறையையும் மூன்று சிற்றெலும்புகளையும் தாண்டி, உள்காதின் காக்ளியா எனும் நத்தைச் சுருளிலுள்ள திரவத்தை அசைப்பதோடு சரி. அதற்கு மேல் போவதெல்லாம் மின்துடிப்புதான்.

அதிர்வைத் துடிப்பாக்குபவை மயிர்ச்செல்கள். ஒரு காதில் இந்த வேலைக்கு இருப்பவை சுமார் 3,500. உச்சியிலுள்ள நுண்மயிர்கள் சாய்ந்ததும் பொட்டாசியம் அயனிகள் செல்லுக்குள் பாயும். அடியில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கசியும். செல்லைத் தொட்டிருக்கும் நரம்பிழை துடிக்கும். ஒரு செவிநரம்பில் ஏறக்குறைய 30,000 இழைகள்.

எல்லாத் துடிப்பும் ஒரே மாதிரி. அப்புறம் மந்தர ஸ்தாயி எது, தார ஸ்தாயி எது என்று மூளைக்கு எப்படித் தெரியும்? துடித்த இழை எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான். சுருளின் உள்ளே ஓடும் சவ்வு ஹார்மோனியக் கட்டைகள் போல: வாசலருகே கீச்சுக்குரலுக்கு அசையும், நுனியில் கனத்த ஒலிக்கு அசையும். இதைக் கண்டு சொன்ன ஃபான் பெக்கெஷிக்கு 1961இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அவர் மருத்துவரே அல்லர். ஹங்கேரி அஞ்சல் துறையின் ஆய்வகத்தில் தொலைபேசியை ஆராய்ந்தவர்!

இடம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். ஓர் இழையால் நொடிக்குச் சில நூறு முறைதான் துடிக்க முடியும். அதனால் பல இழைகள் முறைவைத்துத் துடித்து, சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை ஒலி அலையோடு தாளம் தப்பாமல் போகின்றன. வலப்பக்கம் அடித்த ஹாரன் இடக்காதை எட்டுவதில் ஒரு மில்லி நொடிகூடத் தாமதம் இருக்காது. அந்தச் சொற்ப வித்தியாசத்தை மூளைத்தண்டு அளந்து திசை சொல்லிவிடுகிறது. என்னைக் கேட்டால், கேட்டலில் ஆகப் பெரிய வித்தை இதுதான். பிறகு துடிப்புகள் தலாமஸ் வழியே பொட்டுப் பக்கத்து மூளைப்புறணியைச் சேர்கின்றன.

கோழிக்குஞ்சுக்கு மயிர்ச்செல் செத்தால் மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது. ஆனால் நரம்பு பெரும்பாலும் பிழைத்திருக்கும். 1957இல் பாரிஸில் ஜூர்னோ, ஏரியஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த நரம்பை மின்சாரத்தால் நேரே தூண்டி ஒலியை உணரவைத்தார்கள். இன்றைய காக்ளியர் இம்ப்ளான்டில் அதிகபட்சம் இருபது சொச்சம் மின்முனைகளே 3,500 செல்களின் வேலையைப் பார்க்கின்றன. பேச்சு புரிகிறது, சங்கீதம் அவ்வளவாகச் சேர்வதில்லை.

சிறுவயதிலேயே துடிப்பு வராவிட்டால் மூளையின் கேட்கும் பகுதி பழகாமல் போய்விடும். தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே இந்தச் சிகிச்சையைத் தருவதும் அதனால்தான். சத்தத்துக்குத் திரும்பாத குழந்தையை, "அப்பா மாதிரி லேட்டாப் பேசும்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.