நைலோன் கயிற்றின் நுனியை ஏன் நெருப்பில் காட்டுகிறோம்?

வட்டக்கச்சியில் மாடு கட்ட நைலோன் கயிறு வெட்டுபவர், கையோடு நுனியை நெருப்பிலும் காட்டிவிடுவார். தும்புக் கயிற்றுக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. ஏன்?

தும்பின் இழைகள் குட்டையானவை, சொரசொரப்பானவை, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நைலோன் இழையோ நீளமானது, வழுவழுப்பானது. முறுக்கிய இழைகள் நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும். வெட்டியதும் பிடித்துவைக்க எதுவுமில்லை, பிரிந்துவிடும்.

சுடச்சுட இருக்கும் இடியப்பத்தை அமுக்கிப் பாருங்கள். இழைகள் ஒட்டி ஒரே கட்டியாகும். நைலோனும் அப்படித்தான். வகையைப் பொறுத்து 220 முதல் 260 பாகை செல்சியசில் உருகி ஒன்றுசேர்ந்து, ஆறியதும் இறுகும். தும்பு உருகாது, கருகும். அதன் நுனியை நூலால் இறுக்கிச் சுற்றவேண்டியதுதான்.

ஒரு சேதி: நைலோன் என்று நாம் வாங்குவதில் பல, பொலிபுரோப்பிலீன். சந்தேகமா? ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். நைலோன் தாழும், பொலிபுரோப்பிலீன் மிதக்கும். சுமார் 160 பாகையிலேயே உருகிவிடும் என்பதால் சூட்டைக் குறையுங்கள்.

வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, அதன் நடுவே வெட்டுங்கள். நுனியைச் சுவாலைக்குள் நுழைக்காமல் அருகில் பிடியுங்கள், கறுத்தால் நொறுங்கும். உருகியதை விரலால் உருட்டும் வீரம் வேண்டாம், தோலில் ஒட்டிச் சுடும். ஈரக் கரண்டியின் முதுகால் அமுக்கினால் போதும்.