வார இறுதி வாளி – 6: குருத்தோலை தரும் பளபளப்பு

பகுதி நேரமாகக் கார் கழுவும் தொழிலைப் பற்றிய இந்தத் தொடர் சென்ற வாரம் இரண்டு வாளி முறையோடு நின்றது: ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் கையுறையை அலச வெறும் தண்ணீர். இந்த வாரம் விலைப்பட்டியல் என்று சொல்லியிருந்தது. அதற்கு முன் வேக்ஸ் டப்பாவைத் திறந்தே ஆக வேண்டும். கார்க்காரர் மனமுவந்து காசை எடுத்து நீட்டுவது அந்தப் பளபளப்புக்குத்தான்.

டப்பாவின் மேல் 'கார்னூபா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது ஒரு பனை. பிரேசிலின் வடகிழக்கே, சியாரா, பியாவி மாநிலங்களின் காய்ந்த பூமியில் வளர்கிறது. விசிறி ஓலை, நம்மூர்ப் பனையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. சுடும் வெயிலில் ஈரம் பறிபோகாமலிருக்க ஓலை தன்மேல் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. மழையில்லாத மாதங்களில் ஓலையை அறுத்து, உலர்த்தி, அடித்தால் தூளாக உதிரும். அந்தத் தூளை உருக்கி வடிகட்டி ஆறவிடுகிறார்கள். குருத்தோலையில் கிடைப்பது வெளிர் மஞ்சள், முதல் ரகம். முற்றிய ஓலையில் வருவது நிறம் மங்கியது. எந்த ரகமானாலும் நகம் பதியாத கெட்டி. தட்டினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். ஓலையை மட்டும்தான் அறுக்கிறார்கள், மரம் மறுபடி துளிர்க்கிறது.

உருகுநிலை 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். தேன்மெழுகோ 62, 64லேயே உருகிவிடும். சித்திரை மதியத்தில் வெட்டவெளியில் நிற்கும் கறுப்புக் காரின் பானட்டில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த இருபது டிகிரியின் மதிப்பு புரியும். ஆனால் கல் மாதிரி இருப்பதை அப்படியே காரில் தேய்க்க முடியாது. எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் சேர்த்துத்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். ஆகவே 'நூறு சதவீதம்' என்று எழுதியிருந்தால் அதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இதே மெழுகு வாய்க்குள்ளும் போகிறது. பளபளக்கும் மிட்டாய் உறையைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் ஐ.என்.எஸ். 903 என்ற சேர்க்கைப்பொருள் எண் இருக்கும். அது கார்னூபாதான்.

இந்தப் பனையைத் தேடி ஒரு முதலாளி விமானத்திலேயே கிளம்பிய கதையும் உண்டு. அமெரிக்காவின் ரசீன் நகரில் 1886இல் சாமுவேல் கர்டிஸ் ஜான்சன் மரத்தரை வியாபாரம் தொடங்கினார். தரை வாங்கியவர்கள் "இதை எப்படிப் பராமரிப்பது?" என்று கேட்கக் கேட்க, மெழுகு தயாரித்துக் கொடுத்தார். பக்க வியாபாரம் மூல வியாபாரத்தை முந்தியது. கடைசியில் தரை விற்பதையே நிறுவனம் விட்டுவிட்டது. அவர் பேரன் எச்.எஃப். ஜான்சன் 1935இல், நீரிலும் நிலத்திலும் இறங்கும் சிகோர்ஸ்கி எஸ்-38 விமானத்தில் பிரேசிலின் ஃபோர்தலேசா வரை பறந்தார். தொழிலுக்கு வேண்டிய மெழுகு தொடர்ந்து கிடைக்குமா, போதிய மரங்கள் இருக்கின்றனவா என்று நேரில் பார்க்கத்தான். 1998இல் அவர் மகன் சாம் ஜான்சன், அதே விமானத்தின் நகலைக் கட்டி, தன் இரு மகன்களோடு அதே வழியில் பறந்தார். ஒரு டப்பா மெழுகுக்குப் பின்னால் இவ்வளவு பயணம்!

இனி நம் தொழிலுக்கு வருவோம். பகுதி நேரமாகத் தொடங்குபவர் முதல் மாதமே பாலிஷிங் மெஷின் வாங்கக் கூடாது. காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். ஒரு ஏ4 தாளின் கனத்தில் பாதி. மெஷின் அதிலிருந்துதான் சுரண்டி எடுக்கிறது. எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. கைப்பழக்கம் இல்லாதவர் விளிம்பில் ஒரு நொடி கூடுதலாக அழுத்தினால் ரீ-பெயின்ட் செலவு அவர் தலையில். வேக்ஸ் அப்படியல்ல; பிசகினால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம்.

போடும் முறை எளிது. நிழலில், பானட் சூடு தணிந்த பிறகு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவு மெலிசாக. தடிமனாக அப்பினால் பளபளப்பு கூடாது, துடைக்கத் தோள்தான் வலிக்கும். புகை படிந்தாற்போல் மங்கியதும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சில வாரங்கள் தாங்கும். பிறகு மீண்டும் போட வேண்டும். அதனால் அதே வாடிக்கையாளர் திரும்ப வருவார்.

வேக்ஸுக்கு முன் கழுவும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரில் கார் கழுவச் சொல்லும் அபார்ட்மென்ட்டுகள் பல. தண்ணீரைச் சேமிக்கும் எண்ணம் நல்லதுதான். ஆனால் அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும். காய்ந்ததும் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை. போர் தண்ணீரிலும் இதே தொல்லை. முதல் கழுவலுக்கு அது போதும். கடைசி அலசலுக்கு ஏ.சி. குழாயில் சொட்டுவதைப் பிடித்து வைக்கலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு அநேகமாக இல்லை.

விலைப்பட்டியல் அடுத்த வாரம். அதற்குள் சொந்தக் காரையோ பக்கத்து வீட்டுக் காரையோ எடுத்து, கழுவ எத்தனை நிமிடம், துடைக்க எத்தனை, வேக்ஸுக்கு எத்தனை என்று தனித்தனியாகக் குறித்து வைத்திருங்கள். கணக்கை அங்கிருந்து தொடங்கலாம்.